எதிரியோடு கைகோத்தவர்களா? தெயின் பே மியின் வாழ்வின் வழியாக ‘ஐக்கிய முன்னணி’ – ஓர் எளிய விளக்கம்

பர்மாவின் விடுதலைப் போராட்டம் பற்றித் தமிழில் பேச்சு எழும்போது ஒரு குற்றச்சாட்டு தவறாமல் வந்துவிடுகிறது. அந்நாட்டுத் தலைவர்கள் 1940இல் பிரிட்டிஷாரை எதிர்த்தார்கள், 1942இல் ஜப்பானியரோடு வந்தார்கள், 1945இல் பிரிட்டிஷாரோடு சேர்ந்து ஜப்பானியரைச் சுட்டார்கள், 1946இல் மறுபடியும் பிரிட்டிஷாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகவே காற்றடித்த பக்கம் சாய்ந்தவர்கள் என்பதே அந்தக் குற்றச்சாட்டு. இவர்களில் இடதுசாரிகளைப் பற்றிய பேச்சு இன்னும் கடுமையாக இருக்கும். ஏகாதிபத்தியத்தை வேரோடு பிடுங்குவோம் என்று முழங்கியவர்கள் அதே ஏகாதிபத்தியத்தின் உளவுத்துறையோடு சேர்ந்து வேலை செய்தார்கள் என்பார்கள்.

நிகழ்ச்சிகள் உண்மைதான். அவற்றை இணைக்கும் கருத்து ஒன்று உண்டு. அதன் பெயர் ஐக்கிய முன்னணி. அது விளங்காதவரை அந்தக் காலத்துப் பர்மா வெறும் குழப்பமாகவே தெரியும். அந்தக் கருத்தைத் தன் வாழ்க்கையிலேயே நடத்திக் காட்டிய எழுத்தாளரும் அரசியல்வாதியுமான தெயின் பே மியின் (சுருக்கமாகத் தெயின் பே) என்பவரின் வழியாக அதை இங்கே பார்க்கலாம்.

யார் இவர்?

தெயின் பே 1914ஆம் ஆண்டு மேல் பர்மாவில், மொன்யுவா மாவட்டத்து புடலின் என்ற ஊரில் பிறந்தார். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1936இல் அங்கே மாணவர் வேலைநிறுத்தம் வெடித்தபோது முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர். பல்கலைக்கழக முதல்வரைக் குறைகூறிப் பேசியதற்காக, பின்னாளில் பிரதமரான நூவும், மாணவர் இதழில் வந்த ஒரு கட்டுரையை எழுதியவர் யார் என்று சொல்ல மறுத்ததற்காக, பின்னாளில் விடுதலைப் போராட்டத்தின் தலைவரான ஆங் சானும் வெளியேற்றப்பட்டதுதான் அந்த வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுகோல். மாணவர்கள் தேர்வைப் புறக்கணித்து ஷ்வேடகன் பகோடாவில் முகாமிட்டார்கள். பின்னாளில் நாட்டின் தலையெழுத்தை எழுதிய பலர் அந்தப் படிக்கட்டுகளில்தான் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பத்தாண்டுகளில் நடந்த கூட்டணிகளும் பிளவுகளும் பெரும்பாலும் இந்தச் சில நண்பர்களுக்கு இடையே நடந்தவையே.

அதன்பின் அவர் சட்டம் படிக்கக் கல்கத்தா சென்றார். வங்கத்து இடதுசாரி மாணவர்களின் பழக்கம் அங்கே ஏற்பட்டது. 1937இல் ‘தெட் பொன்ஜி’ என்ற அவருடைய நாவல் வெளிவந்தது. ‘நவீன பிக்கு’ என்று பொருள்படும் அந்த நூல் ஒழுக்கம் தவறிய துறவிகளை வெளிப்படையாகத் தாக்கியதால் பிக்குகள் கொதித்தெழுந்தார்கள். 23 வயது இளைஞர் ஒருவர் பர்மியச் சமூகத்தின் மிக வலிமையான நிறுவனத்தைச் சீண்டிப் பார்த்த நிகழ்ச்சி அது.

‘தகின்’ என்ற சொல்

அவரைப் பழைய ஏடுகள் ‘தகின் தெயின் பே’ என்று குறிப்பிடும். தகின் என்பது குடிப்பெயரோ குலப்பெயரோ அன்று. நம் ஊரில் வெள்ளைக்காரரைத் ‘துரை’ என்று அழைத்தது போல, பர்மியர் வெள்ளைக்காரரை ‘தகின்’ என்று அழைக்க வேண்டியிருந்தது. எசமான் என்பது பொருள். 1930இல் தொடங்கிய ‘தோபாமா ஆசியோன்’, அதாவது ‘நாம் பர்மியர் சங்கம்’, இந்தச் சொல்லைப் பறித்துத் தன் உறுப்பினர்களின் பெயருக்கு முன்னால் வைத்தது. இந்த நாட்டுக்கு எசமானர் நாங்களே என்று ஒவ்வொரு முறை பெயரைச் சொல்லும்போதும் சொல்லிக் காட்டும் ஏற்பாடு அது. ‘பர்மா நம் நாடு, பர்மிய இலக்கியம் நம் இலக்கியம், பர்மிய மொழி நம் மொழி’ என்பது அவர்களுடைய முழக்கம்.

இந்தச் சங்கம் பிறந்த சூழல் நமக்கும் தொடர்புடையது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய இடத்தில் பர்மியரை வைத்து வேலை வாங்கினார்கள்; உடன்பாடு ஏற்பட்டதும் பர்மியரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மூண்ட கலவரத்தில் இந்தியர் பலர் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்களின் கைக்குப் போயிற்று. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. நிலத்தை விழுங்க வேண்டும் என்று அவர்கள் திட்டமிட்டு வந்ததாக நான் கருதவில்லை. வட்டிக்கடைக்காரருக்குத் தேவை பணம். சேறும் நெல்லும் அவருக்குச் சுமைதான். ஆயினும் நிலம் இழந்த உழவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? இந்தக் கோபத்தை இனப்பகையாக வளர விடுவதா, காலனிப் பொருளாதாரத்துக்கு எதிரான போராட்டமாகத் திருப்புவதா என்பதே தகின்களுக்குள் இருந்த இடதுசாரிகளின் முதல் கவலையாக இருந்தது.

சுருங்கச் சொன்னால், தெயின் பே ஓர் எழுத்தாளர், மாணவர் தலைவர், இடதுசாரித் தகின். அவருக்கு எதிரே பிரிட்டிஷ் ஆட்சி நின்றது. உள்ளே நிலமிழந்த உழவர், தொழிலாளர், பிக்குகள், மாணவர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பல தரப்புகள் இருந்தன.

கண்மாய்க் கரையும் பங்காளிச் சண்டையும்

இப்போது கருத்துக்கு வருவோம். ஓர் ஊரில் இரண்டு பங்காளிகள் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையின்றி இருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. ஒரு மழை இரவில் கண்மாய்க் கரை உடைப்பெடுக்கிறது. விட்டால் இருவர் நிலமும் மணல் மேடாகிவிடும். அன்றிரவு இருவரும் ஒரே வரிசையில் நின்று மண்மூட்டை தூக்குகிறார்கள். விடிந்த பிறகு வழக்கை யாரும் திரும்பப் பெறுவதில்லை. அது நீதிமன்றத்தில் அப்படியே இருக்கிறது. அன்றிரவு மூட்டை தூக்கியவனைப் பார்த்து, “நீ பங்காளியோடு சமரசமாகிவிட்டாய், உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டாய்” என்று எவரும் சொல்லமாட்டார்கள். வரப்பு இருந்தால்தானே வரப்புத் தகராறு?

ஐக்கிய முன்னணி என்பது அரசியலில் இப்படி மூட்டை தூக்கும் வேலை. கொள்கையில் மாறுபட்ட கட்சிகளும் வகுப்புகளும், அந்த நேரத்தில் எல்லோருக்கும் முதன்மையான எதிரி யார் என்று முடிவுசெய்து, அந்த எதிரியை வீழ்த்தும் வரையில் சேர்ந்து நிற்பது. இக்கருத்து 1935இல் மாஸ்கோவில் நடந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாம் மாநாட்டில் தெளிவான வடிவம் பெற்றது. உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் தலைமை அமைப்பே கம்யூனிஸ்ட் அகிலம். ஜெர்மனியில் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் ஒருவரையொருவர் முதல் எதிரியாக எண்ணி அடித்துக்கொண்டிருந்தபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார் என்ற கசப்பான பட்டறிவுக்குப் பிறகு வந்த முடிவு அது. பாசிசம், அதாவது எதிர்க்கட்சி, தொழிற்சங்கம், செய்தித்தாள் எதையும் உயிரோடு விடாத வெறிபிடித்த தேசிய சர்வாதிகாரம், எல்லோருக்கும் பொதுவான வெள்ளம் என்று அந்த மாநாடு வரையறுத்தது.

இந்த ஏற்பாடு சந்தர்ப்பவாதத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது? முன்னணியில் சேர்பவர் தன் அமைப்பைக் கலைத்துவிடுவதில்லை. தன் இறுதி நோக்கத்தை மறைப்பதும் இல்லை. எதற்காக, எதுவரை சேர்ந்திருக்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சந்தர்ப்பவாதி செய்த பிறகு காரணம் தேடுவார்.

பர்மாவில் இதன் சிறு ஒத்திகை ஏற்கெனவே நடந்திருந்தது. 1938இல் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் சௌக், யேனாங்யாங் ஊர்களிலிருந்து ரங்கூன் நோக்கி நடந்தார்கள். மாணவர்களும் உழவர்களும் அவர்களுக்குத் துணையாக எழுந்தார்கள். டிசம்பர் மாதம் போலீஸ் அடித்ததில் ஆங் ஜோ என்ற மாணவர் இறந்தார். 1939 பிப்ரவரியில் மாண்டலேயில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் விழுந்தார்கள்; அவர்களில் பிக்குகளும் இருந்தார்கள். பிக்குகளைச் சாடி நாவல் எழுதிய இடதுசாரிகளும் அந்தப் பிக்குகளும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பர்மிய நாட்காட்டியில் அது 1300ஆம் ஆண்டு என்பதால் ‘1300ஆம் ஆண்டுப் புரட்சி’ என்றே அதை அழைக்கிறார்கள்.

1941: எந்த வெள்ளம் பெரிது?

கண்மாய் உவமை ஓரிடத்தில் போதாமல் போகிறது. கரை உடைந்தால் வெள்ளம் எது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருக்காது. பர்மாவில் அதுவே பெரிய கேள்வியாக இருந்தது.

பிரிட்டிஷார் கைது செய்யத் தேடியதால் ஆங் சான் 1940இல் சீனத்து அமாய் துறைமுகத்துக்குத் தப்பிச் சென்றார். அங்கிருந்து ஜப்பானியர் அவரை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றார்கள். பின்னர் ‘முப்பது தோழர்கள்’ என்று புகழ்பெற்ற இளைஞர்கள் ஜப்பானியரிடம் படைப்பயிற்சி பெற்றார்கள். நம் கழுத்தில் கால் வைத்திருப்பவர் பிரிட்டிஷார்தான், அவரை விரட்ட யார் ஆயுதம் தந்தாலும் வாங்குவோம் என்பது அவர்கள் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1941 ஆகஸ்டில் எல்லா மக்களுக்கும் தன்னாட்சி உரிமை உண்டு என்று, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம் அறிவித்தது. அடுத்த மாதமே சர்ச்சில் அது இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் பொருந்தாது என்றார். அப்படிச் சொல்பவரின் பக்கத்தில் நின்று போரிட எந்தப் பர்மிய இளைஞனை அழைக்க முடியும்?

ஆனால் 1941 ஜூலையில், இன்சின் சிறைக்குள்ளிருந்த கம்யூனிஸ்ட் தலைவர்கள் தகின் சோ, தகின் தான் துன் ஆகியோர் ஓர் அறிக்கை எழுதினார்கள். உலகில் பாசிசமே இப்போது முதல் எதிரி. அதை எதிர்க்க, தங்களைச் சிறையில் அடைத்திருக்கும் பிரிட்டிஷாரோடுகூடத் தற்காலிகமாக ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறையிலிருப்பவர் சிறைவைத்தவரோடு சேரச் சொல்வதைக் கோழைத்தனம் என்று சிலர் படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஜப்பானியப் படை இன்னும் பர்மாவுக்குள் காலடி வைக்காதபோதே, தோழர்களில் பெரும்பாலோர் ஜப்பானை நம்பிக்கையோடு எதிர்பார்த்த நேரத்தில், அதை எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தெயின் பேயும் இதே நிலையை எடுத்தார். பகோடாப் படிக்கட்டில் சேர்ந்து உட்கார்ந்த நண்பர்கள் இப்போது எதிரெதிர் முகாமில் இருந்தார்கள்.

இதுவரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், முன்னணி அமைப்பதற்கு முதலில் முதன்மை எதிரியைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே நோக்கமுள்ளவர்களும் அதில் மாறுபடலாம். ஆங் சான் பிரிட்டிஷாரைத் தேர்ந்தார், தெயின் பே ஜப்பானியரைத் தேர்ந்தார். இருவருக்கும் விடுதலையே குறி.

மலை தாண்டிய எழுத்தாளர்

1942 மார்ச் 8ஆம் நாள் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அந்த ஆண்டின் முதற்பாதியில் நான்கைந்து லட்சம் இந்தியர், அவர்களில் ஏராளமான தமிழர், மலையும் காடும் தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். நம் குடும்பங்களில் ‘பர்மா நடை’ என்றால் அதுதான். அதே ஆண்டு ஜூலையில், மழைக்காலத்தில், தெயின் பேயும் தின் ஷ்வே என்ற தோழரும் மேற்கு எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். தமிழர்கள் உயிர் பிழைக்க வந்தார்கள். இவர்கள் தாங்கள் பத்தாண்டுகளாக எதிர்த்துவந்த ஆட்சியிடம், ‘ஜப்பானியரை எதிர்க்க எங்கள் மக்கள் தயார், ஆயுதம் தருவீர்களா?’ என்று கேட்க வந்தார்கள்.

சிம்லாவில் பர்மாவின் பிரிட்டிஷ் ஆளுநர் நாடு கடந்த அரசை நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்தவர்களுக்கு இந்த இளைஞர்கள்மேல் ஐயம் இருந்தது இயல்புதான். இவர்களைப் பயன்படுத்திக்கொள்ள முன்வந்தது ‘ஃபோர்ஸ் 136’. எதிரி பிடித்த நாட்டுக்குள் ஆட்களையும் ஆயுதங்களையும் மறைவாக அனுப்பி, நாசவேலையும் கிளர்ச்சியும் நடத்த உதவிய பிரிட்டிஷ் இரகசிய அமைப்பு அது.

தெயின் பே பேனாவையும் கீழே வைக்கவில்லை. 1943இல் ‘பர்மாவில் நடந்தது என்ன’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய சிறுநூல் அலகாபாத்தில் வெளியாயிற்று. அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ அதற்கு முன்னுரை தந்தார். ஜப்பானைப் பர்மியர் ஏன் நம்பினார்கள், அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதை உள்ளிருந்து வந்தவர் சொன்ன நூல் அது. தன்னை ஆதரிப்பவரின் நாட்டிலேயே இருந்துகொண்டு, அவருடைய போர்முயற்சிக்கு உதவிக்கொண்டே, தன் மக்களின் தரப்பை அச்சில் வைத்ததை முன்னணியின் இலக்கணத்துக்குச் சரியான எடுத்துக்காட்டாகவே நான் காண்கிறேன்.

முன்னணி வேலை செய்த விதம்

உள்நாட்டில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1943 ஆகஸ்ட் 1 அன்று ஜப்பான் பர்மாவுக்குச் ‘சுதந்திரம்’ வழங்கியது. பா மோ தலைவர், ஆங் சான் போர் அமைச்சர், தான் துன் வேளாண் அமைச்சர். அதிகாரமோ ஜப்பானியப் படையின் கையில். வெள்ளத்தை வாய்க்கால் வெட்டி அழைத்து வந்தவர்களே இப்போது அது தம் வீட்டு முற்றத்தில் ஏறுவதைப் பார்த்தார்கள்.

இங்கேதான் பொறிமுறை தெளிவாகத் தெரிகிறது. தான் துன் அமைச்சர் நாற்காலியில் இருந்தபடி ஜப்பானியரைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். ஐராவதிக் கழிமுகத்தில் தலைமறைவாக இருந்த தகின் சோவிடம் அவை சென்றன. எல்லைக்கு அப்பால் தெயின் பே இருந்தார். இந்தியாவில் பயிற்சி பெற்ற பர்மிய இளைஞர்கள் அங்கிருந்து திரும்ப அனுப்பப்பட்டார்கள். மூன்று பேர் மூன்று இடத்தில், ஒரே கயிற்றின் மூன்று முடிச்சுகளாக. 1944 ஆகஸ்டில் பெகுவில் மறைவாகக் கூடி, ஆங் சானின் பர்மியப் படை, கம்யூனிஸ்ட் கட்சி, பின்னாளில் சோஷலிஸ்டுகளான மக்கள் புரட்சிக் கட்சி மூன்றும் இணைந்து பாசிச எதிர்ப்பு அமைப்பை உருவாக்கின. 1945இல் அது ‘பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலைக் கழகம்’ என்று பெயர் பெற்றது. பர்மிய முதலெழுத்துகளில் ‘ஃப சப்ப ல’ என்பார்கள்.

1945 மார்ச் 17 அன்று ரங்கூனில் ஆங் சானின் படை அணிவகுத்தது. ஜப்பானிய அதிகாரிகள் நின்று பார்த்து வழியனுப்பினார்கள். படை பிரிட்டிஷாரை எதிர்க்கப் போகிறது என்பது அவர்கள் எண்ணம். பத்து நாள் கழித்து, மார்ச் 27 அன்று, துப்பாக்கி ஜப்பானியர் பக்கம் திரும்பியது. மே மாதம் மெய்க்திலாவில் பிரிட்டிஷ் தளபதி சிலிமைச் சந்திக்க வந்தபோது, ஆங் சான் ஜப்பானிய மேஜர் ஜெனரல் உடையை ஒத்த சீருடையும் வாளும் அணிந்தே வந்தார். வேறு உடை அணிந்து பழசை மறைக்க அவர் முயலவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் இலங்கையின் கண்டியில், நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனோடு உடன்பாடு ஏற்பட்டது. பர்மியப் படையிலிருந்து 200 அதிகாரிகளும் 5,200 வீரர்களும் புதிய இராணுவத்தில் சேர்க்கப்படுவார்கள் என்பது அதன் முடிவு. மீதிப் பேரை ஆங் சான் கலைந்துபோக விடவில்லை; மக்கள் தொண்டர் அமைப்பாகத் திரட்டித் தன் கையில் வைத்துக்கொண்டார். மூட்டை தூக்கியபோதும் வழக்குக் கட்டை அவர் தொலைத்துவிடவில்லை.

கரை அடைத்த மறுநாள்

முன்னணியின் கடினமான நேரம் வெற்றிக்குப் பிறகே வருகிறது. 1945 மே மாதத்து பிரிட்டிஷ் வெள்ளை அறிக்கை, பர்மா இன்னும் மூன்றாண்டுகள் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருக்கும் என்றது. ஆனால் அந்த ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தெயின் பே, போரில் பிறந்த ஒத்துழைப்பு அமைதிக்காலத்திலும் தொடரும், ஆயுதமின்றியே விடுதலை கிட்டும் என்று நம்பினார்.

இந்த நம்பிக்கைக்கு எதிரிகள் வைத்த பெயர் பிரவுடரிசம். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் தலைவர் எர்ல் பிரவுடர், முதலாளித்துவமும் சோஷலிசமும் இனி அமைதியாக வாழும் என்று கருதி 1944இல் தன் கட்சியையே கலைத்தார். கரை அடைத்த மறுநாள், ‘பங்காளி திருந்திவிட்டான்’ என்று வழக்கைத் திரும்பப் பெறுவது போன்றது அது. தெயின் பேயும் தான் துன்னும் அந்தப் பிழையைச் செய்ததாகக் குற்றஞ்சாட்டி, 1946இல் தகின் சோ வெளியேறிச் ‘செங்கொடி’ கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். மற்றவர்கள் ‘வெண்கொடி’ எனப்பட்டார்கள். என் பார்வையில் குற்றச்சாட்டு பாதி சரி. தெயின் பே பிரிட்டிஷாரின் நல்லெண்ணத்தை மிகையாக மதிப்பிட்டார். ஆனால் கட்சியைக் கலைக்கவில்லை, விடுதலைக் கோரிக்கையை மடித்து வைக்கவும் இல்லை.

1946 செப்டம்பரில் போலீஸ்காரர்களே தொடங்கிய வேலைநிறுத்தம் அரசு அலுவலகங்களை முடக்கியது. புதிய ஆளுநர் ரான்ஸ் வேறு வழியின்றி ஆங் சான் தலைமையில் நிர்வாகக் குழுவை அமைத்தார். தெயின் பே அதில் வேளாண் அமைச்சர் ஆனார். சில வாரங்களிலேயே பதவி போயிற்று. நவம்பரில் பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலைக் கழகம் கம்யூனிஸ்டுகளை வெளியேற்றியது. 1947 ஜூலை 19 அன்று ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4 அதிகாலை 4.20க்குப் பர்மா விடுதலை பெற்றபோது, விடுதலையைக் கொண்டுவந்த முன்னணி உடைந்து கிடந்தது. மார்ச் மாத இறுதியில் தான் துன் தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது.

தெயின் பே காட்டுக்குப் போகவில்லை. கட்சியை விட்டு விலகி, 1956 தேர்தலில் இடதுசாரிகளின் தேசிய ஐக்கிய முன்னணி சார்பில் சொந்த ஊரான புடலினிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1958இல் ‘போடாடவுங்’ நாளிதழைத் தொடங்கினார். மாணவர் போராட்டக் காலத்தைக் களமாகக் கொண்ட அவருடைய பெரிய நாவலும் அதே ஆண்டில் வந்தது.

நே வின்னின் இராணுவ ஆட்சி 1962இல் வந்தபோது, அது சோஷலிசம் பேசியதால் அதற்கும் ஆதரவளித்தார். முன்பு சொன்ன அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். 1941இல் அவருக்கென்று ஒரு கட்சி இருந்தது, ஒரு காலவரையறை இருந்தது, கைகோத்தவரை விட்டு விலகும் உரிமையும் இருந்தது. 1964 மார்ச்சில் ஆளும் கட்சியைத் தவிர எல்லாக் கட்சிகளும் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டில் ‘போடாடவுங்’ நாளிதழும் அரசுடைமையாயிற்று. சேர்ந்து நிற்க இன்னொரு தரப்பே இல்லாத அந்த நாட்டில் அவர் தொடர்ந்து எழுதினார். தான் துன் 1968இல் காட்டில் தன் ஆள் ஒருவராலேயே சுடப்பட்டார். தகின் சோ 1970இல் பிடிபட்டார். தெயின் பே மியின் 1978 ஜனவரியில் இறந்தார்.